ஒன்ராறியோவில் காட்டுப் பாம்புகளைத் தேடிக் கண்டு இனம் அறிவது எப்படி: முதல் தடவை போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

சில ஆண்டுகளாக, பாம்பு பார்க்க ஆசைப்படும் நண்பர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் ரொறன்ரோவைச் சுற்றியும் அதற்கு வடக்கேயும் கூட்டிக்கொண்டு போகிறேன். முதல் தடவை வருகிறவர்கள் ஏறத்தாழ எல்லாரும் ஒரே மாதிரித்தான் தடுமாறுகிறார்கள். ஜூலை மாத நண்பகலில் அடர்ந்த காட்டுக்குள் இரண்டு மணி நேரம் நடந்து, ஒன்றும் காணாமல் திரும்புகிறார்கள். அல்லது ஒன்றைக் கண்டதும் ஓடிக் கிட்டப் போகிறார்கள். வால் நுனி புல்லுக்குள் மறைகிறது. படமும் இல்லை, என்ன பாம்பு என்றும் தெரியாது.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். தேடுவதில் பாதி வேலை வீட்டிலேயே முடிகிறது.

1. போகும் இடத்தில் என்னென்ன இருக்கின்றன என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

ஒன்ராறியோ முழுவதையும் எடுத்தால் பதினைந்து இனங்கள் அளவில் இருக்கின்றன. ஆனால் எந்த ஓர் இடத்திலும் அத்தனையும் இல்லை. ஸ்காபரோவில் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவிலோ நகரின் ஓடைப் பள்ளங்களிலோ நடந்தால், நீங்கள் காணப்போவது பெரும்பாலும் முதுகில் மஞ்சள் கோடுகள் ஓடும் கார்ட்டர் பாம்பு, இல்லாவிட்டால் சின்னஞ்சிறிய பழுப்புப் பாம்பு. நம்முடைய சாரையின் சாயல் உள்ள கிரே ராட்ஸ்னேக் கிங்ஸ்டனுக்கு வடக்கே ஃப்ரொன்ரனாக் பக்கமும், ஈரி ஏரிக்கரையில் சில துண்டு நிலங்களிலும்தான் உண்டு. நீல நிறமான புளூ ரேசர் கனடா முழுவதிலும் பீலீ தீவில் மட்டும்தான் இருக்கிறது. ஸ்காபரோவில் ஒரு நீலப் பாம்பைக் கண்டதாக நினைத்தால், வெளிச்சத்தைச் சந்தேகியுங்கள்.

பட்டியலில் முதலில் பார்க்க வேண்டிய பெயர் ஒன்றுதான்: மசசாகா. இந்த மாகாணத்தில் இன்று மனிதருக்கு ஆபத்தான விஷம் உள்ள ஒரே பாம்பு இந்தக் கிலுகிலுப்பைப் பாம்பு. ஜோர்ஜியன் விரிகுடாவின் கிழக்குக் கரை, புரூஸ் தீபகற்பம், தெற்கே வின்சர் பக்கம் ஒரு சிறு பகுதி, நயாகரா பக்கம் வெயின்ஃபிளீட் சதுப்பு நிலம், அவ்வளவுதான் அதன் இடம். டிம்பர் என்ற இன்னொரு கிலுகிலுப்பைப் பாம்பும் ஒரு காலத்தில் இருந்தது. 1941இல் நயாகரா பள்ளத்தாக்கில் கண்டதற்குப் பிறகு அது இங்கே இல்லை.

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்றால், மசசாகா இருக்கும் நிலமா இல்லையா என்பதுதான் சப்பாத்து, கை வைக்கும் இடம், பிள்ளைகளை நடத்தும் விதம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஊரில் புடையனுக்குப் பயந்து வளர்ந்தவர்கள் ரூஜில் ஒவ்வொரு புல்லையும் பார்த்து நடுங்குகிறார்கள். அதே ஆட்கள் மசசாகா இருக்கும் பரி சவுண்ட் பக்கம் முகாமிடப் போனால் இரவில் செருப்போடு கழிப்பறைக்கு நடக்கிறார்கள். இரண்டும் பிழை.

2. புறப்படும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

கணுக்கால் மூடிய சப்பாத்து, நீள் காற்சட்டை, காற்சட்டையை உள்ளே செருகக்கூடிய நீண்ட காலுறை. பாம்பைவிட உண்ணிக்காகத்தான் இதைச் சொல்கிறேன். லைம் நோயைப் பரப்பும் கறுப்புக்கால் உண்ணி ரூஜ் உட்பட இந்தப் பகுதியில் நிறைய இடங்களில் இருக்கிறது. வெளிர் நிற உடுப்பில் அது ஊர்வது தெரியும்.

பொய்சன் ஐவி என்ற செடியின் படத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்து வையுங்கள். ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலையின் காம்பு மட்டும் நீளம். பாம்புகள் வெயில் காயும் பாதை ஓரங்கள்தான் இதற்கும் பிடித்த இடம். படம் எடுக்க முழங்காலில் உட்காருகிறவர்கள் இதில் மாட்டிக்கொண்டு இரண்டு கிழமை சொறிவதைப் பார்த்திருக்கிறேன்.

பைனாகுலர் ஒன்று இருந்தால் கட்டாயம் எடுங்கள். கிட்டக் குவியக்கூடியதாக இருக்க வேண்டும். இது இல்லாதவர்கள்தான் கிட்டப் போகிறார்கள். கைபேசியில் சூம் வசதி சுமாராக இருந்தாலும் போதும். ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம், தண்ணீர், தொப்பி. பாம்பு பிடிக்கும் கொக்கி, கையுறை, சாக்கு எதுவும் வேண்டாம். பார்க்கப் போகிறோம், பிடிக்கப் போகவில்லை. கையில் கொக்கி இருந்தால் அதைப் பாவிக்க மனம் தேடும்.

3. மாதத்தையும் நேரத்தையும் தெரிவு செய்யுங்கள்

இங்கே பாம்பு அக்டோபரிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை நிலத்துக்கு அடியில் கிடக்கிறது. ஊரில் புற்று என்போம். இங்கே புற்று இல்லை. பாறை வெடிப்பு, பழைய வீட்டு அத்திவாரம், மரவேர்ப் பொந்து, சதுப்பில் நண்டு போன்ற கிரேஃபிஷ் தோண்டிய வளை என்று உறைபனி எட்டாத ஆழத்துக்குப் போகும் எந்த வழியும் அதற்குப் புற்றுத்தான்.

ஏப்ரல் கடைசியும் மே முற்பகுதியும் முதல் தடவை போகிறவர்களுக்கு மிகச் சிறந்த காலம். காரணம் மூன்று. புல் இன்னும் வளரவில்லை. மரங்கள் இலை விடவில்லை, ஆகவே வெயில் நிலத்தில் படுகிறது. வெளியே வந்த பாம்பு இன்னும் சோம்பலாக, பொந்துக்குக் கிட்டவே கிடக்கிறது.

வெப்பம் 12 முதல் 22 பாகை செல்சியஸ், வெயில், காற்று வீசுவது குறைவு. இப்படி ஒரு நாளைப் பிடியுங்கள். இரண்டு மூன்று நாள் குளிர் மழைக்குப் பிறகு வரும் முதல் வெயில் நாள் எல்லாவற்றிலும் நல்லது. ஒன்றும் விடாமல் எல்லாம் சூடேற வெளியே வரும்.

பெரும்பாலான பாம்புகள் தங்கள் உடலை 30 பாகைக்குச் சற்றுக் கீழே வைத்துக்கொள்ளப் பார்க்கின்றன. ஏப்ரலில் அதற்கு நண்பகல் வெயில் வேண்டும். ஆகவே 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் போங்கள். ஜூலையில் அதே நண்பகலில் பாறை சுடும், பாம்பு நிழலுக்குள் போய்விடும். அப்போது காலை 8 மணியிலிருந்து 10 மணி வரை, அல்லது மாலை. கோடை விடுமுறையில் நண்பகலில் தேடிப்போய்ப் ‘பாம்பே இல்லை’ என்று சொல்லுகிறவர்கள் விடும் பிழை இது ஒன்றுதான்.

செப்டம்பர் இன்னொரு நல்ல மாதம். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் குட்டிகள் பிறக்கின்றன. பெரியவை குளிர்கால இருப்பிடத்துக்குத் திரும்பி நடக்கத் தொடங்கும். அந்த நாட்களில் வீதியில் நிறைய அடிபட்டுச் சாகின்றன. ஈரி ஏரிக்கரையில் லாங் பொயின்ட் போகும் தரைப்பாலத்தில் இதற்காகவே வேலியும் நிலத்தடிக் குழாயும் போட்டிருக்கிறார்கள். அந்த மாதங்களில் ஏரிக்கரை வீதிகளில் மெதுவாக ஓட்டுங்கள்.

4. பாம்பை அல்ல, விளிம்பைத் தேடுங்கள்

காட்டின் நடுவிலும் பாம்பு அரிது, திறந்த புல்வெளியின் நடுவிலும் அரிது. இரண்டும் சந்திக்கும் விளிம்பில்தான் அது கிடக்கும். ஏனென்றால் ஓர் அடி நகர்ந்தால் வெயில், ஓர் அடி நகர்ந்தால் மறைவு. அதற்கு இரண்டும் பக்கத்தில் வேண்டும்.

தெற்குப் பார்த்த சரிவு, பழைய ரயில் பாதையின் சரளைக் கரை, கல் மதில், நீரோரப் பாறைக் குவியல், விழுந்த மரம், இலைச் சருகு மேடு. இவற்றின் வெயில் பக்கம் எது என்று பார்த்து அந்தப் பக்கத்தால் நடங்கள்.

தொடங்குவதற்கு ரொறன்ரோவில் நான் எப்போதும் சொல்வது லெஸ்லி ஸ்ட்ரீட் ஸ்பிட், அதாவது டொமி தொம்சன் பூங்கா. நகரத்தில் இடித்த கட்டட இடிபாடுகளை ஏரிக்குள் கொட்டி உண்டான நிலம் அது. செங்கல், கொங்கிறீட் பாளம், வளைந்த இரும்புக் கம்பி. பாம்புக்கு இதைவிட நல்ல புற்று யாரும் கட்டிக் கொடுக்க முடியாது. அங்கே கார்ட்டர் பாம்புகள் தாராளம். சில முழுக் கறுப்பு. எல்லா நாளும் எல்லா நேரமும் திறந்திருக்காது, நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

5. நடக்கும் விதம்

நாலைந்து பேர் ஒன்றாகக் கதைத்துக்கொண்டு நடந்தால் முன்னே போகிறவர் மட்டும்தான் பாம்பைக் காண்பார், அதுவும் வாலை. கதைப்பதை அது கேட்டு ஓடுவதில்லை. நம் காலடி அதிர்வையும் அசையும் நிழலையும்தான் அது அறிகிறது. ஆகவே வெயிலை முதுகில் வைத்து நடக்காதீர்கள், உங்கள் நிழல் உங்களுக்கு முன்னே போய்விடும்.

பத்து அடி வையுங்கள், நில்லுங்கள். அடுத்த மூன்று மீற்றரைக் கண்ணால் மேயுங்கள். பிறகு அடுத்த பத்து அடி. ‘பாம்பு’ என்ற முழு உருவத்தை எதிர்பார்க்காதீர்கள். சருகுக்குள் ஒரே சீராகப் போகும் ஒரு கோடு, புல் தண்டுகள் எல்லாம் நிமிர்ந்து நிற்கும்போது குறுக்கே கிடக்கும் ஒரு வளைவு, சுற்றிலும் மங்கலாக இருக்கும்போது ஒரு மினுக்கம். கண் முதலில் பிடிப்பது இதைத்தான். பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவாகப் பிடிக்கிறார்கள். அவர்களுடைய கண் நிலத்துக்குக் கிட்ட இருக்கிறது. அவர்களை முன்னே விடுங்கள், ஆனால் மசசாகா நிலத்தில் வேண்டாம்.

சருகு சரசரத்தால் ஓடிப் போகாதீர்கள். அப்படியே நில்லுங்கள். கார்ட்டர் பாம்பு ஓடி மறைந்த இடத்திலேயே பத்து நிமிடத்தில் திரும்ப வெளியே வருவது வழக்கம். அந்த வெயில் துண்டு அதற்கு வேண்டியிருக்கிறது.

6. பலகை, தகரம், கல்: எதைப் புரட்டலாம், எதைத் தொடவே கூடாது

வெளியே கிடக்காத சின்னப் பாம்புகள் தட்டையான பொருளுக்கு அடியில் கிடக்கும். கைவிடப்பட்ட பலகை, தகரம், தார்த்தாள். தேசியப் பூங்காக்களிலும் மாகாணப் பூங்காக்களிலும் எதையும் புரட்டாதீர்கள். சொந்தக்காரரின் அனுமதி உள்ள தனியார் காணியில், மசசாகா இல்லாத பகுதியில் மட்டும் செய்யுங்கள்.

புரட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பலகையின் தூர விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். அப்போது பலகை உங்களுக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவில் நிற்கும், பாம்புக்கு எதிர்ப்பக்கத்தால் போக வழி இருக்கும். பார்த்ததும் பலகையைப் பழைய இடத்தில், பழைய அடையாளத்தில் சரியாக வையுங்கள். பாம்பு இன்னும் அங்கேயே கிடந்தால் அதன்மேல் பலகையை இறக்காதீர்கள், நசிந்துவிடும். பக்கத்துக்கு அது விலகும் வரை பொறுத்து, பலகையை வைத்த பிறகு அது தானாக உள்ளே போக விடுங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள்.

ஜோர்ஜியன் விரிகுடாவின் வெறும் பாறைத் தளங்களில் கிடக்கும் தட்டைக் கற்களை எங்கேயும் எப்போதும் புரட்டாதீர்கள். கல்லின் தடிப்பும் அடியில் உள்ள இடைவெளியும் சேர்ந்துதான் உள்ளே வெப்பத்தைச் சரியாக வைத்திருக்கின்றன. ஒரு விரல் அளவு தள்ளி வைத்தாலும் அந்த இடைவெளி கெட்டுவிடும். பாறையில் மண் இல்லை, வேறு மறைவும் இல்லை. அந்தக் கல் போனால் அந்த இடம் பாம்புக்குப் போய்விட்டது.

7. கண்டதும் முதல் பத்து விநாடி

நில்லுங்கள். கையை நீட்டிக் காட்டாதீர்கள், ‘அங்கே பாருங்கோ’ என்று சத்தம் போடாதீர்கள். உங்கள் இரண்டு காலுக்கும் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள். வசந்தத்தில் ஒன்று கிடந்தால் பக்கத்தில் வேறும் கிடக்கும்.

தூரம் குறைந்தது இரண்டு மீற்றர். இந்தத் தூரத்தில் எந்தப் பாம்பும் உங்களை எட்டாது, நீங்களும் அதற்கு எதிரியாகத் தெரியமாட்டீர்கள். பிடிக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட இனங்களைப் பிடிப்பதும் கொல்வதும் வீட்டில் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம், தேசியப் பூங்காவில் எந்த விலங்கையும் தொந்தரவு செய்வதே குற்றம். பிடித்தால் கார்ட்டர் பாம்பு பின்பக்கத்தால் ஒரு நாற்றத்தைப் பூசிவிடும், தண்ணீர்ப் பாம்பு தயங்காமல் கடிக்கும். விஷம் இல்லை, ஆனால் இரத்தம் நன்றாக வரும்.

8. படம் எடுக்கும் ஒழுங்கு

முதல் படம் நிற்கிற இடத்திலிருந்தே, தூரமாக இருந்தாலும் எடுங்கள். மங்கலான ஒரு படம் இருந்தால்கூடப் பெயர் சொல்லலாம். ஒன்றும் இல்லாவிட்டால் நினைவுதான் மிஞ்சும், பாம்பைப் பற்றிய நினைவில் நீளம் வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு மடங்காகிவிடும்.

பிறகு இந்த வரிசை: முதுகின் நடுப்பகுதி, தலையின் பக்கவாட்டு, வால் நுனி. நிறையப் பேர் தலையை மட்டும் பத்துப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். முதுகின் அமைப்புத்தான் பெரும்பாலும் விடை சொல்லும். வால் நுனி மசசாகா கேள்வியைத் தீர்க்கும். ஒரு படத்தில் பக்கத்தில் உள்ள இலையோ கல்லோ சேர்ந்து வரட்டும், அளவு தெரியும்.

9. இனம் காண்பது: முதுகைப் பார்த்து நாலாகப் பிரியுங்கள்

நிறத்தில் தொடங்காதீர்கள். நிறம் வெளிச்சத்துக்கு மாறும், சட்டை உரிப்பதற்கு முன் மங்கும், ஈரத்தில் கறுக்கும். முதுகில் கோடா, திட்டா, ஒன்றும் இல்லையா, அல்லது உடலே பென்சில் அளவுதானா என்று முதலில் கேளுங்கள்.

நீளக் கோடுகள். மூன்று மஞ்சள் கோடுகள், நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. இது ஏறத்தாழ எப்போதும் கார்ட்டர் பாம்பு. ஈரநிலத்தில் கண்டால் ரிப்பன் பாம்பா என்றும் பாருங்கள். அது இன்னும் மெலிவு, வால் மிக நீளம், கண்ணுக்கு முன்னே வெள்ளைப் பிறை ஒன்று இருக்கும். உதட்டுச் செதில்கள் சுத்த வெள்ளை. கார்ட்டருக்கு அந்தச் செதில்களின் ஓரத்தில் கறுப்புக் கோடு ஓடும். படம் தெளிவாக இருந்தால் வயிற்றுப் பக்கத்திலிருந்து செதில் வரிசைகளை எண்ணுங்கள். பக்கக் கோடு இரண்டாம் மூன்றாம் வரிசையில் போனால் கார்ட்டர், மூன்றாம் நாலாம் வரிசையில் போனால் ரிப்பன்.

பென்சில் அளவுப் பழுப்பு. 30 சென்றிமீற்றர் அளவில், வீட்டு வளவில் கண்டது பெரும்பாலும் பழுப்புப் பாம்பு. முதுகில் இரண்டு வரிசையாகச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் ஓடும். நத்தையும் மண்புழுவும் தின்று தோட்டத்துக்கு உதவுகிற உயிர் இது. வயிறு செம்மஞ்சளோ சிவப்போ என்றால், பிடரியில் மூன்று வெளிர்ப் புள்ளிகளும் இருந்தால், அது செவ்வயிற்றுப் பாம்பு. பிறந்த குட்டிப் பழுப்புப் பாம்புக்குக் கழுத்தில் ஒரு வெளிர் பட்டி இருக்கும், அதைக் கழுத்துவளையப் பாம்பு என்று எழுதிவிடுகிறார்கள். கழுத்துவளையப் பாம்பின் உடல் வழுவழுப்பாக மினுங்கும், வயிறு மஞ்சள், பகலில் வெளியே காண்பதும் அரிது.

திட்டுகள். பிழைகள் மலிவது இங்கேதான். சாம்பல் உடலில் கறுப்பு ஓரமிட்ட செம்பழுப்புத் திட்டு, பிடரியில் வெளிர் நிறத்தில் V போன்ற கவை: மில்க் ஸ்னேக். பழைய களஞ்சியங்களில் எலி தேடி வரும், வயிறு கறுப்பு வெள்ளைச் சதுரங்கப் பலகை மாதிரி. மஞ்சள் உடலில் பெரிய கரும்பழுப்புத் திட்டு, தலை செம்பு நிறம், நீளம் ஒரு மீற்றருக்கு மேல், ஈரி ஏரியோ ஜோர்ஜியன் விரிகுடாக் கரையோ: ஃபொக்ஸ் ஸ்னேக். நீரோரப் பாறையில் தடித்த உடல், முன்பாதியில் குறுக்குப் பட்டைகள், பின்பாதியில் அவை திட்டாக உடைகின்றன: வடக்குத் தண்ணீர்ப் பாம்பு. வயதானது காய்ந்த நிலையில் வெறும் கறுப்பாகத் தெரியும், நீரில் இறங்கியதும் பட்டைகள் எழும்பும். அமெரிக்கத் தெற்கில் உள்ள விஷத் தண்ணீர்ப் பாம்பு கனடாவில் இல்லை.

திட்டு உள்ளவற்றில் ஒன்றைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும். வசாகா கடற்கரைக்குப் பின்னால் உள்ள மணல் பாதையில் ஒரு தடவை போய்க்கொண்டிருந்தோம். முன்னே போன அண்ணர் ஒருவர் அப்படியே பின்னால் பாய்ந்தார். “தம்பி, நாகம்!” பாதை நடுவில் ஒரு தடித்த பாம்பு, கழுத்தை இரண்டு பக்கமும் விரித்து, சைக்கிள் டயரில் காற்றுப் போவது மாதிரி இரைந்துகொண்டிருந்தது. ஊரில் வளர்ந்த யாரும் அதைப் பார்த்தால் நாகம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் மூக்கு நுனி மேல்நோக்கி, ஒரு சின்ன மண்வெட்டி மாதிரி வளைந்திருந்தது. அதுதான் பன்றிமூக்குப் பாம்பு, ஹொக்நோஸ். தேரையைத் தோண்டி எடுத்துத் தின்ன அந்த மூக்கு. நாங்கள் அசையாமல் நின்றோம். அது திடீரென்று புரண்டு வயிற்றை மேலே காட்டி, வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டுச் செத்துக் கிடந்தது. பத்து மீற்றர் பின்னால் போய்ப் பைனாகுலரில் பார்த்தோம். ஐந்து நிமிடம் இருக்கும். தலை மட்டும் மெதுவாகத் திரும்பியது, நாக்கு உள்ளே போனது, ஒரு முழு நிமிடம் சுற்றிப் பார்த்தது, பிறகு திரும்பிப் படுத்து புல்லுக்குள் போய்விட்டது. அந்த நடிப்பைப் பார்க்கவென்று அதைச் சீண்டாதீர்கள். பயத்தின் உச்சியில்தான் அது அப்படிச் செய்கிறது.

ஒன்றும் இல்லை, ஒரே நிறம். புல்லின் பச்சை, மெலிவு, அரை மீற்றர்: மென்பச்சைப் பாம்பு. ஊர்ப் பச்சைப் பாம்புபோல் கூர்த்த நீள மூக்கு இதற்கு இல்லை, மரத்திலும் அவ்வளவாக ஏறாது, புழு பூச்சிதான் சாப்பாடு. முழுக் கறுப்பு என்றால் இடத்தைப் பாருங்கள். ரொறன்ரோ ஏரிக்கரையில் அது கறுத்த கார்ட்டர். ஃப்ரொன்ரனாக் பக்கம் ஒன்றரை மீற்றர் நீளத்தில், தொண்டை வெள்ளையாக, மரத்தில் ஏறிக்கொண்டிருந்தால் கிரே ராட்ஸ்னேக். இதை வெட்டுமுகத்தில் பார்த்தால் உருளை அல்ல, அச்சுப் பாண் மாதிரி, அடி தட்டை. அந்த ஓரங்கள்தான் மரப்பட்டையில் பிடித்து ஏற உதவுகின்றன.

10. மசசாகா தானா என்று சரிபார்ப்பது

‘தலை முக்கோணம் என்றால் விஷம்’ என்ற விதியை முழுதாக மறந்துவிடுங்கள். தண்ணீர்ப் பாம்பும் ஹொக்நோஸும் பயந்தால் தலையைத் தட்டையாக்கி முக்கோணம் காட்டும். ஊரில் நாகத்துக்கும் எண்ணெய் விரியனுக்கும் முக்கோணத் தலை இல்லை, விஷத்துக்குக் குறைவும் இல்லை. கண்ணின் பாவை நிமிர்ந்த கீறலா வட்டமா என்ற சோதனை உண்மைதான், ஆனால் அதைப் பார்க்கும் தூரத்துக்கு நீங்கள் போகக் கூடாது.

வாலைப் பாருங்கள். மசசாகாவின் வால் தடித்து, கிலுகிலுப்பையோடு மொட்டையாக முடியும். இங்கே உள்ள மற்ற எல்லாவற்றின் வாலும் மெலிந்து கூராக முடியும். பிறந்த குட்டிக்கு ஒற்றைக் குமிழ் மட்டும் இருக்கும், சத்தம் வராது. அடுத்து உடல்: சாம்பல் பழுப்பில், முதுகு நடுவே வண்ணத்துப்பூச்சி வடிவக் கரும் திட்டுகள். நீளம் 50 முதல் 70 சென்றிமீற்றர்தான், ஆனால் அந்த நீளத்துக்கு நல்ல தடிப்பு. முகத்தில் கண் வழியாக அகலமான கரும் பட்டை.

சத்தத்தை நம்பாதீர்கள், இரண்டு பக்கமும். மசசாகா பெரும்பாலும் அசையாமல், சத்தமில்லாமல், நீங்கள் கடந்து போவதற்காகக் காத்திருக்கும். கிலுக்கினால் அது வண்டின் ரீங்காரம் போல் கேட்கும், பாலர் கிலுகிலுப்பை போல் அல்ல. இன்னொரு பக்கம், ஃபொக்ஸ் ஸ்னேக், மில்க் ஸ்னேக், ராட்ஸ்னேக் எல்லாம் பயந்தால் வாலைச் சருகில் அடித்து அதே மாதிரிச் சத்தம் எழுப்பும். அதனாலேயே எத்தனையோ ஃபொக்ஸ் ஸ்னேக் அநியாயமாக அடிபட்டுச் செத்திருக்கிறது.

அதன் நிலத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையையோ காலையோ வைக்காதீர்கள். விழுந்த மரத்தை அப்படியே தாண்டாதீர்கள், மேலே ஏறி மறுபக்கம் பார்த்து இறங்குங்கள். இருட்டில் விளக்கும் மூடிய சப்பாத்தும். கில்பெயார் மாகாணப் பூங்காவில் உங்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒன்றைக் கண்டால் ஒருவரைத் தூரத்தில் நின்று பார்க்க வைத்து, ஊழியரிடம் சொல்லுங்கள். அவர்களே வந்து பத்திரமாக அகற்றுவார்கள்.

11. மசசாகா கடித்தால்

911க்கு அழையுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றுங்கள், வீங்கும். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே கிடைக்கும். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. எந்தப் பாம்பு என்பதில் சந்தேகமே இங்கே இல்லை.

12. பதிவு செய்வதும் இடத்தை மறைப்பதும்

படத்தை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போடுங்கள். நீங்கள் சொன்ன பெயர் பிழை என்றால் அங்கே யாராவது திருத்துவார்கள், அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆபத்தில் உள்ள இனங்களின் இடத்தை அது தானாகவே மங்கலாக்கிக் காட்டும். ஆனால் அதே படத்தை நீங்கள் ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப் குழுவிலோ இடக்குறியோடு போட்டால் அந்த மறைப்பால் பயனில்லை. பிடித்து விற்கிறவர்களும் அவற்றைப் பார்க்கிறார்கள்.

வசந்தத்தில் ஒரே வெடிப்பிலிருந்து பல பாம்புகள் வெளிவருவதைக் கண்டால், அந்த இடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள். சுற்றுவட்டாரத்துப் பாம்பு எல்லாம் ஒவ்வோர் ஆண்டும் அந்த ஓர் ஓட்டைக்குத்தான் திரும்பி வரும். அதை மிதித்துக் கெடுத்தால் அவற்றுக்கு வேறு இடம் இல்லை.

பாம்பு உரித்த சட்டை கிடைத்தாலும் ஒரு பதிவுதான். நிறம் இல்லாவிட்டாலும் சொல்லலாம். வாலின் தொடக்கத்தில், மலவாயை மூடும் செதில் ஒற்றையாக இருந்தால் கார்ட்டர், மில்க், மசசாகா பக்கம். இரண்டாகப் பிரிந்திருந்தால் தண்ணீர்ப் பாம்பு, ராட்ஸ்னேக், ஃபொக்ஸ், ஹொக்நோஸ் பக்கம். சட்டை இழுபட்டு நீண்டிருக்கும், அதை வைத்துப் பாம்பின் நீளத்தைச் சொல்லாதீர்கள்.

13. வீட்டுக்கு வந்த பிறகு

உடுப்பைக் கழற்றி உண்ணி பாருங்கள். முழங்கால் மடிப்பு, கமக்கட்டு, காதின் பின்புறம், பிள்ளைகளின் தலைமுடி. சப்பாத்தின் மண்ணைத் தேய்த்துக் கழுவி, பிளீச் கலந்த தண்ணீரால் துடைத்துக் காய விடுங்கள். பாம்புகளின் தோலைத் தின்னும் ஒரு பூஞ்சை நோய் ஒன்ராறியோவிலும் இருக்கிறது. ஓரிடத்து மண்ணை அடுத்த இடத்துக்கு நாம் கொண்டுபோகக் கூடாது.

பிறகு குறிப்புப் புத்தகம். நாள், நேரம், வெப்பம், வெயிலா முகிலா, முந்திய நாள் மழையா, எந்தப் பக்கச் சரிவு, என்ன கண்டது. ஒன்றும் காணாத நாளையும் எழுதுங்கள். என்னுடைய பழைய புத்தகத்தில் முதல் ஆண்டு முழுக்க ‘ஒன்றுமில்லை’ என்றுதான் இருக்கிறது. அந்த வரிகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோதுதான், அத்தனை நாளும் நான் ஒரே சரிவின் வடக்குப் பக்கத்தால் நடந்திருக்கிறேன் என்று தெரிந்தது. அடுத்த ஏப்ரலில் மறுபக்கம் போனேன். 14 பாகை, காலை 11.40, இரண்டு நாள் மழைக்குப் பிறகு வெயில். காய்ந்த புல் மெத்தையில் மூன்று கார்ட்டர்.